சாம்பல் காருக்குப் பச்சை டார்ன்லி

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு நோரீன் ஆஷ்பி தூங்கி எழுந்து, கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு, கணவரைச் சாப்பிடக் கூப்பிட கார் ஷெட்டுக்குப் போனார். கிளிஃபர்ட் ஆஷ்பி தன் பச்சைக் காரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தார். தலையின் பின்பக்கம் பார்க்கிற மாதிரி இல்லை. நோரீன் கத்தவில்லை. திரும்பி வந்து அடுப்பை அணைத்தார். பிறகு போலீஸுக்குப் போன் செய்தார். அடுப்பை அணைத்த பிறகுதான் போன் செய்தேன் என்று அவரே போலீஸிடம் சொன்னார். கேட்காமலே சொன்ன அந்த விவரம் அவருக்கு எதிராகத்தான் போனது.

இது நடந்தது 1994 அக்டோபரில், இங்கிலாந்தின் டெர்பிஷைர் மேட்டில் இருக்கும் எங்கள் வெதர்லோவில். எங்கள் ஊரில் யாரும் கொலை செய்து பழக்கமில்லை. அதனால் எல்லாருமே கொலையைப் பற்றித் தெரிந்தவர்களைப் போலப் பேசினார்கள்.

ஒன்றே காலுக்கு நகரத்திலிருந்து இன்ஸ்பெக்டர் ரூத் ஹோல்ராய்ட் வந்தார். கூடவே கான்ஸ்டபிள் டாக்கின். ஹோல்ராய்டுக்கு நாற்பத்தைந்து வயது. கணவர் மார்ச் மாதம் போய்ச் சேர்ந்திருந்தார். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரிவதில்லை. அழுகையும் வரவில்லை. எல்லாம் மரத்துப்போயிருந்தது. வேலைக்கு அது இடைஞ்சலாக இல்லை. எதுவும் மனசில் ஒட்டாததால் எல்லாமே கண்ணில் பட்டது.

ஷெட்டில் அவர் கண்ணில் பட்டவை இவை. முப்பத்திரண்டு வயதான டார்ன்லி ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே இருக்கை, மேல்கூரை மடக்கி விடப்பட்டிருந்தது. பானெட்டைத் தொட்டால் இன்னும் லேசான சூடு. பக்கத்து இருக்கையில் ஒரு தோல் தொப்பி, காற்றுக்காகப் பாதி முகத்தை மூடிக்கொள்ளும் பழைய காலத்துக் கண்ணாடி. சிமெண்டுத் தரை முழுக்க எண்ணெய்க் கறை, எல்லாம் புதுசு. ஆனால் அன்றைக்கு எஞ்சினுக்கு நேர்கீழே இறைச்சி வாட்டும் ஒரு பழைய ரோஸ்ட் டின் இருந்தது. சொட்டுகள் அதற்குள் ஒழுங்காக விழுந்திருந்தன.

டிக்கியில் கருவிகளைச் சுருட்டி வைக்கும் துணிப்பை. அதில் ஒரு செம்புச் சுத்தியல், துடைத்துச் சுத்தமாக, அதற்கான உறையில் இருந்தது.

"இது எதுக்கு மேடம்?" என்றான் டாக்கின்.

"சக்கரத்துக்கு. இந்த மாதிரி வண்டில நடுவுல ஒரே ஒரு பெரிய நட்டு. அதைத் தட்டித்தான் இறுக்கணும்."

காயத்தில் செம்புத் துகள் இருக்கிறது என்றார் டாக்டர். செத்தது ஒன்பதிலிருந்து பதினொன்றரைக்குள். ஷெட்டில் இருக்கும் குளிரில் அதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல முடியாது என்று கைவிரித்துவிட்டார்.

அந்தக் கார் ஷெட்டுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் அங்கே ஜப்பான்காரன் செய்த சாம்பல் நிற எஸ்டேட் கார், பின்னால் ஆள் படுக்கிற அளவுக்கு நீளமானது, நின்றது. நாலு வருஷத்தில் ஒருநாள்கூட மக்கர் செய்யாத வண்டி. நோரீனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி விடியற்காலையில் நகரத்து ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நாலு வருஷமும் அந்தச் சாம்பல் காரில் கூட்டிப்போய்க் கூட்டி வந்தவர் கிளிஃபர்ட். இன்ஷூரன்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு மாதம் கழித்து, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், அந்தக் காரை லயனல் டாத்தமிடம் கொடுத்துவிட்டு அவருடைய டார்ன்லியை வாங்கிக்கொண்டார். காருக்குக் கார். மேலே பைசா கிடையாது. தொப்பியும் கண்ணாடியும்கூட வண்டியோடு வந்தன. நோரீனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தன்னார்வலர்களின் வண்டி ஏற்பாடானது.

அடுத்த நாள் தபால் நிலையத்து வரிசையில் நின்றபடி நோரீன் சொன்னார்: "அந்த மனுஷன நான் கொல்லாம விடப்போறதில்ல." அங்கே நின்ற எல்லாரும் சிரித்தார்கள். சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு யாருக்கும் சிரித்த ஞாபகம் இல்லை.

ஹோல்ராய்ட் சமையலறையில் அவரோடு உட்கார்ந்தார்.

"காலைல எங்க இருந்தீங்க?"

"ஆஸ்பத்திரி. விடியறதுக்கு முன்னாடியே வண்டி வந்துச்சு."

"திரும்பினது?"

"பத்தே முக்கால். டிரைவர் வாசல் வரைக்கும் வந்து விட்டுட்டுப் போனார்."

"ஷெட்டுக்குப் போனீங்களா?"

"இல்லம்மா. அது முடிஞ்சு வந்தா எனக்குக் கால் நிக்காது. வந்து விழுந்தேன், தூங்கிட்டேன்."

"காரை மாத்தினதுல கோபமா?"

"கோபம்தான்."

"கொல்லப்போறேன்னு சொன்னீங்களாமே."

"சொன்னேன். எல்லாருக்கும் கேக்கணும்னுதான் சொன்னேன்."

"ஏன் மாத்தினார்?"

நோரீன் டயாலிசிஸ் ஊசி குத்திய இடது கை பேண்டேஜைத் தடவிக்கொண்டிருந்தார். "கேட்டேன். சொல்லல. நாலு வருஷம் கூட்டிட்டுப் போனார், ஒரு நாள் முணுமுணுத்ததில்ல. திடீர்னு ஒருநாள் மேஜைல வேற சாவியப் போட்டார். நான் கத்தினேன். அவர் தோட்டத்துப் பக்கம் போயிட்டார்."

"எஞ்சினுக்கு அடியில ஒரு டின் இருக்கு."

"ஆணில தொங்குற பழைய டின்னா? மூணு வாரமா சொல்றேன், எண்ணெய் சொட்டுது, அதை எடுத்து அடியில வைங்கன்னு. காதுலயே வாங்கல."

"இன்னைக்கு வெச்சிருக்கார்."

"அப்படியா," என்றார் நோரீன். பேண்டேஜின் ஓரத்தை அழுத்திவிட்டு, "நல்லது," என்றார்.

வெளியே வந்ததும் டாக்கின் தலையை ஆட்டினான். "புருஷன் செத்துக் கெடக்கான். 'நல்லது'ங்கிறாங்க மேடம்."

மார்ச் மாதம் சவப்பெட்டிக் கடைக்காரர் கைப்பிடிக்குப் பித்தளையா வெள்ளியா என்று கேட்டபோது, தானும் 'நல்லது' என்று சொன்னது ஹோல்ராய்டுக்கு ஞாபகம் வந்தது.

நோரீனுக்குப் பாதகமாக அமைந்தது வில்ஃப் கார்ஸைட்டின் சாட்சி. கார்ஸைட் இறைச்சிக்கடையை மகனிடம் விட்டுவிட்டு ஓய்வில் இருப்பவர். எங்கள் பக்கத்தில் டார்ன்லி வைத்திருக்கும் இன்னொரு ஆள். அவருடையது சிவப்பு. மழை இல்லாத ஒவ்வொரு சனிக்கிழமையும் நீர்த்தேக்கத்துச் சாலையில் ஒரு சுற்றுப் போய்வருவார். அன்று கடிகாரத்தைப் பார்த்ததற்குக் காரணம் இருந்தது. ஊர் மன்றத்தில் நடக்கும் காய்கறிப் போட்டிக்கு அவர் வளர்த்த லீக்ஸ் என்ற நீளத்தண்டு வெங்காயம் போயிருந்தது, பதினொன்றுக்குள் அங்கே இருக்க வேண்டும்.

"சின்னப் பாலத்துக்கிட்டப் பாத்தேன்மா. பத்தேகால். ஊருக்குள்ள திரும்பி வந்துட்டிருந்தாரு."

"கிளிஃபர்ட்தானா?"

"பச்சை வண்டி, தொப்பி, கண்ணாடி. வேற யாரு?"

"முகம் பாத்தீங்களா?"

"அந்தக் கண்ணாடியப் போட்டா என் மாமியாருக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியாது."

"ஏதாவது வழக்கத்துக்கு மாறா?"

"மாறாவா? நல்லாத்தான் இருந்தாரு. உம்முனு போற மனுஷன், அன்னைக்குக் கையத் தூக்கினாரு. பாவம், சாவப்போற அன்னைக்காவது ஒரு சந்தோஷம்."

டாக்கின் எழுதிக்கொண்டான். பக்கத்து வீட்டு மிஸஸ் பிண்டரும் அதையே உறுதி செய்தார். ஒன்பதே முக்கால் வாக்கில் கார் கிளம்பும் சத்தம் கேட்டது, பத்தேகால் தாண்டித் திரும்பி வந்த சத்தமும் கேட்டது. அப்படியானால் கிளிஃபர்ட் உயிரோடு வீடு திரும்பியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் யாரோ அடித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் போனது நோரீன் ஒருவர்தான்.

முறைக்காக லயனல் டாத்தமையும் பார்த்தார்கள். அறுபத்தாறு வயது. பள்ளிக்கூடத்தில் தச்சு சொல்லிக்கொடுத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டு வாசலில் சாம்பல் கார் பளிச்சென்று கழுவி நின்றது. வீட்டுக்குள் ஒவ்வொரு பொருளும் அதன் இடத்தில் இருந்தது. தேநீர்க் கோப்பைகளின் காதுகள்கூட ஒரே பக்கம் பார்த்துத் தொங்கின.

"சனிக்கிழமை காலைல?"

"மன்றத்துல இருந்தேன். லீக்ஸ், வெங்காயம், பூசணி. நடுவர். பத்தரைலேர்ந்து ஒரு மணி வரைக்கும். ஊரே பாத்துச்சு."

"அதுக்கு முன்னாடி?"

"வீட்ல."

"டார்ன்லியை ஏன் குடுத்தீங்க?"

"இடது முட்டி. அந்த கிளட்ச்சை மிதிக்க ஒரு எருதுதான் வேணும். ஆட்டோமேட்டிக் ஓட்டுங்க, இல்லன்னா ஆபரேஷன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"எத்தனை வருஷம் வெச்சிருந்தீங்க?"

"இருபத்தாறு."

"இது எப்படி இருக்கு?" ஹோல்ராய்ட் ஜன்னல் வழியாகச் சாம்பல் காரைப் பார்த்தார்.

"கிளம்புது."

"அவ்வளவுதானா?"

"தினமும் கிளம்புது," என்றார் லயனல்.

"கிளிஃபர்ட் அந்த வண்டிய நல்லா வெச்சிருந்தாரா?"

லயனல் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் உயிர் வந்தது. "அவருக்கு வண்டியும் தெரியாது, ரோடும் தெரியாது. மொத வாரம் கார்ஸைட் கையத் தூக்கியிருக்கான். இவர் வண்டிய ஓரங்கட்டி எறங்கி டயரைப் பாத்தாராம். அப்புறம் ரெண்டு தடவை தூக்கினான், திரும்பிக்கூடப் பாக்கல. கார்ஸைட் என்கிட்ட வந்து, லயனல், உன் வண்டிக்குக் கை போயிடுச்சுய்யாங்கிறான்."

கிளம்பும்போது அவர் எழுந்து வழியனுப்பவில்லை. காலை நீட்டியபடி உட்கார்ந்தே இருந்தார். மன்றத்திலும் அப்படித்தான் இருந்தாராம். டாக்கின் விசாரித்து வந்து சொன்னான். "மூணு வாரமா நல்லா நடந்துட்டிருந்தவரு, சனிக்கிழமை நாற்காலிய விட்டு எழுந்திரிக்கவே இல்லையாம். பூசணிய எல்லாம் மடில கொண்டுவந்து வெக்கச் சொல்லி மார்க் போட்டாராம்."

மாலையில் சூப்பரின்டெண்டெண்ட் போன் செய்தார். "இன்னும் என்ன ரூத்? காரணம் இருக்கு, நேரம் இருக்கு, வாயாலயே சொல்லியிருக்கா. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள கேஸ் போட்டுடு."

நோரீனை நகரத்து ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். கேஸ் போட்டால் செவ்வாய்க்கிழமை டயாலிசிஸுக்கு இரண்டு காவலர்களோடு போக வேண்டும். அதற்கப்புறம் சிறை. நாலு வருஷமாக ஒரு இயந்திரத்தின் தயவில் இருக்கும் உடம்பு அங்கே எத்தனை நாள் தாங்கும் என்று டாக்டர்களும் சொல்லத் தயங்கினார்கள். நோரீன் ஒன்றும் கேட்கவில்லை. பெண் காவலரிடம் இன்னொரு தலையணை மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஹோல்ராய்ட் கார்ஸைட் வீட்டு வாசலில் நின்றார். நேரக் கணக்கைச் சரிபார்க்க அதே வழியில் ஒருமுறை போய்வர வேண்டும் என்றார். கார்ஸைட்டுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு போர்வையை எடுத்து இன்ஸ்பெக்டர் மடியில் போட்டு, சிவப்பு டார்ன்லியைக் கிளப்பினார்.

காற்று காதைக் குடைந்தது. கார்ஸைட் விடாமல் பேசினார். லீக்ஸில் தனக்கு இரண்டாம் பரிசுதான் கிடைத்தது, உட்கார்ந்துகொண்டு மார்க் போட்டால் லீக்ஸின் நீளம் எப்படித் தெரியும் என்று புலம்பினார். நீர்த்தேக்கத்துப் பக்கம் எதிரில் ஒரு நீலநிறப் பழைய கார் வந்தது, கூரை இல்லாதது. கார்ஸைட் பேச்சை நிறுத்தவில்லை. அவருடைய வலது கை ஸ்டியரிங்கை விட்டு, முன்கண்ணாடிச் சட்டத்துக்கு மேலே எழும்பி, விரல்கள் விரிந்து, இறங்கியது. எதிரே வந்தவரும் அதையே செய்தார்.

"யார் அவர்?" என்றார் ஹோல்ராய்ட்.

"எவரு?"

"இப்பக் கையத் தூக்கினீங்களே."

"நானா?" கார்ஸைட் யோசித்தார். "தூக்கியிருப்பேன். யாருன்னு தெரியாதும்மா. எங்க மாதிரி வண்டி. பாத்தா தூக்குவோம்."

"தெரியாதவங்களுக்குமா?"

"தெரிஞ்சவங்களுக்கு ஹாரன் அடிப்போம். இது பழைய வண்டிக்காரங்க வழக்கம். இன்னும் நின்னுடல, ஓடிட்டுத்தான் இருக்கோம், நீயும் ஓடுறியா, அவ்வளவுதான். புது வண்டில போறவனுக்கு யாரு தூக்குவா?"

"இது பழக எத்தனை நாள் ஆகும்?"

"மொதல்ல கூச்சமா இருக்கும். ஒரு ரெண்டு மூணு வருஷம் போனா கை தானா போகும்."

பாலம் வந்தது. ஹோல்ராய்ட் நிறுத்தச் சொன்னார். ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய குறுகலான பாலம். மறுமுனையில் சாலை வளைந்து புதருக்குள் மறைகிறது.

"சனிக்கிழமை நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான். வழிவிட்டு நின்னேன்."

"அவர்?"

"அந்த வளைவுல வந்தாரு."

"யார் கை முதல்ல போச்சு?"

கார்ஸைட் வளைவைத் திரும்பிப் பார்த்தார். எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது.

"அவர் கைதான்," என்றார் மெதுவாக. "வளைவுல மூக்கு தெரிஞ்சப்பவே தூக்கிட்டாரு. நான் லீக்ஸ் நெனப்புல இருந்தேன். அதைப் பாத்துத்தான் நான் தூக்கினேன்."

"எப்படித் தூக்கினார்?"

"முன்கண்ணாடிக்கு மேல. வெரலை விரிச்சு." அவர் எஞ்சினை நிறுத்தினார். "ஏம்மா, மூணு வாரத்துல அது வராதே."

"வராது," என்றார் ஹோல்ராய்ட்.

அன்று மதியம் அவர் செய்ததற்குச் சட்டப்புத்தகத்தில் இடமில்லை. தடயம் எடுக்கும் வேலை முடிந்திருந்த டார்ன்லியை ஷெட்டிலிருந்து வெளியே எடுத்து, லயனல் டாத்தமை வரச் சொன்னார். எஞ்சின் சத்தம் சரியாக இருக்கிறதா என்று வண்டியை அறிந்த ஒருவர் ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். லயனல் வண்டியைச் சுற்றிவந்தார். குனிந்து சக்கர நட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உள்ளே இறங்கி உட்கார்ந்தார். தொப்பியையும் கண்ணாடியையும் போடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நன்றாக ஓட்டினார். அந்தக் கிழட்டு வண்டி அவர் கையில் முனகாமல் போனது. நீர்த்தேக்கம் தாண்டி, ஊருக்குத் திரும்பும் சாலை. ஹோல்ராய்ட் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தார். வளைவு வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிவப்பு டார்ன்லி நின்றிருந்தது.

லயனலின் வலது கை எழும்பியது. முன்கண்ணாடிச் சட்டத்துக்கு மேலே, விரல்கள் விரிந்து.

பாலத்துக்கு அந்தப் பக்கத்தில் கார்ஸைட் பதிலுக்குக் கையைத் தூக்கவில்லை. அப்போதுதான் லயனல் தன் கையைப் பார்த்தார். அது இன்னும் காற்றில் நின்றது. அவர் அதை இறக்கினார், வண்டியை ஓரங்கட்டினார், எஞ்சினை அணைத்தார்.

"சனிக்கிழமையும் இதே மாதிரிதான்," என்றார் ஹோல்ராய்ட். "கிளிஃபர்ட் யாருக்கும் கை தூக்கினதில்ல. நீங்களே சொன்னீங்க. இந்தப் பக்கத்துல டார்ன்லி ஓட்டிப் பழகினவங்க ரெண்டே பேர். ஒருத்தர் அங்க நிக்கிறார்."

லயனல் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பத்தேகாலுக்குப் பாலத்துல வந்தது நீங்க. அப்ப கிளிஃபர்ட் ஷெட்டுல செத்துக் கெடந்தார். நோரீன் ஆஸ்பத்திரி வண்டில வந்துட்டிருந்தாங்க. வண்டியத் திருப்பிக் கொண்டுவந்து விட்டீங்க. ஆணில தொங்கின டின்னை எடுத்து எண்ணெய்க்கு அடியில வெச்சீங்க, அந்த வீட்ல யாரும் செய்யாத வேலை அது. வயல் வழியா மன்றத்துக்கு அஞ்சு நிமிஷம். மூணு வாரமா நல்லா இருந்த முட்டி கிளட்ச் மிதிச்சதுல போயிடுச்சு. பூசணிய மடில வெச்சுக்கிட்டீங்க."

"டின் வெக்கலன்னா தரை வீணாப்போகும்," என்றார் லயனல்.

"சாட்சி வேணும்னுதான ஓட்டிக்காட்டினீங்க?"

"இல்லம்மா." அவர் கண்ணாடியைக் கழற்றினார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "அது உங்க யோசனை. எனக்கு அப்ப ஒன்னுமே தோணல. வெயில் அடிச்சுது. கூரை தெறந்திருந்துச்சு. ஒரு சுத்துப் போயிட்டு வரலாம்னு போனேன். அவர் அங்க கெடக்காருன்னு தெரியும். தெரிஞ்சுதான் போனேன். கார்ஸைட்டப் பாத்தேன், கை போச்சு. மூணு வாரத்துக்கப்புறம் ஒருத்தன் எனக்குக் கையத் தூக்கினான்."

"எதுக்குக் காலைல அங்க போனீங்க?"

"திருப்பிக் கேக்க. முட்டி போனாப் போகட்டும்னு முடிவு பண்ணிட்டேன். நான் தனியாளும்மா. இந்த வண்டில போனா ரோட்ல பத்துப் பேரு கையத் தூக்குவான். இருபத்தாறு வருஷம். அந்தச் சாம்பல் வண்டில ஏறின அன்னைலேர்ந்து நான் இருக்கறதே எவனுக்கும் தெரியல. ஒருத்தன்கூட..." அவர் நிறுத்தினார். "தரமாட்டேன்னுட்டார்."

"ஏன்?"

"நாலு வருஷம் அந்த வண்டில ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்திருந்தேன், இனிமே சும்மா குடுத்தாலும் அதுல ஏறமாட்டேன்னார். அதுவும் ஒரு நியாயம்தான். எனக்குப் புரிஞ்சுது. நான் எழுந்து கெளம்பறப்ப பின்சக்கரத்தப் பாக்குறேன், நட்டு தளர்ந்திருக்கு. அப்படியே ஓட்டியிருந்தா அடுத்த வாரம் அவரே போயிருப்பார். சுத்தியல எடுத்துத் தட்டி இறுக்கிக் குடுத்தேன். குடுத்துட்டு, சரி, வெச்சுக்குங்க, எதிர்ல வர்றவனுக்குக் கையாவது தூக்குங்கன்னு சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"சிரிச்சார். எவனும் என்னைப் பாத்து எப்படி இருக்கேன்னு கேக்கக்கூடாதுன்னுதான்ய்யா இதை வாங்கினேன், இதுலயுமான்னார். குனிஞ்சு நட்டைப் பாத்தார். சுத்தியல் என் கைல இருந்துச்சு."

கார்ஸைட் பாலத்தைத் தாண்டி நடந்து வந்துகொண்டிருந்தார்.

"நோரீனைப் பிடிச்சது உங்களுக்குத் தெரியுமா?"

"ராத்திரி சொன்னாங்க."

"பேசாம இருந்தீங்க."

"இருந்தேன்," என்றார் லயனல். இறங்குவதற்கு ஹோல்ராய்ட் கைகொடுக்க வேண்டியிருந்தது, முட்டி மடங்கவில்லை.

மாலை ஆறு மணிக்கு ஹோல்ராய்ட் ஸ்டேஷனில் நோரீனின் அறைக் கதவைத் திறந்து, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். கை, டின், முட்டி. நோரீன் வேறு யாரோ வீட்டுச் சங்கதி போலக் கேட்டுக்கொண்டிருந்தார். கிளிஃபர்ட் சாம்பல் காரைத் திருப்பி வாங்க மறுத்து என்ன சொன்னார் என்பதைச் சொல்லலாமா வேண்டாமா என்று ஹோல்ராய்ட் தயங்கினார். பிறகு சொன்னார்.

நோரீன் தலையணையை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"குறுக்கெழுத்துப் போட்டுட்டிருப்பார்னு நெனச்சேன்," என்றார். "அந்தக் கார் பார்க்குல. பேப்பர் கொண்டுபோவார்."

"போட்டும் இருக்கலாம்."

"எனக்கும் அந்த வண்டியக் கண்டா ஆகாதும்மா. அந்த சீட்டு வாசனை. ஏறி உக்காந்தாலே வயித்தப் பெரட்டும். என்னைப் படுக்க வெக்க வசதியா இருக்கணும்னு அவர் நாலு கடை ஏறி எறங்கி வாங்கினது. எப்படிச் சொல்றது? சொல்லாம இருந்துட்டேன்."

"அப்ப மாத்தினப்ப ஏன் அவ்வளவு கோபம்?"

நோரீன் பேண்டேஜ் போட்ட கையை மடியில் திருப்பி வைத்தார்.

"அந்தப் பச்சை வண்டில ரெண்டு சீட்டு இருந்துச்சு," என்றார். "அவர் என்னைக் கூப்பிடல."

மார்ச்சுக்குப் பிறகு முதன்முறையாக ஹோல்ராய்டின் உதட்டில் உப்புக் கரித்தது. அவர் எழுந்து நோரீனின் கோட்டை எடுத்துப் பிடித்தார், நோரீன் ஒவ்வொரு கையாக நுழைத்துக்கொண்டார். வெளியே போலீஸ் கார் எஞ்சின் ஓட நின்றிருந்தது. பின்கதவைத் திறந்து பிடித்திருந்தான் டாக்கின். நோரீன் அதைக் கடந்துபோய் முன்கதவைத் திறந்து, டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்.